துரை பங்களாவைத் தாண்டாத சோடா மூடிகள்

இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களை நடத்தும் துரைமார் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒரே மாலையில் துரையாகவும் சிறுத்தையாகவும் ஹட்டன் பஸ் கண்டக்டராகவும் இருந்தவர் எங்கள் பொகவந்தலாவைத் தோட்டத்து ஸ்டோர்கீப்பர் ஒருவர்தான். தேயிலை வேரில் செதுக்கிய பகடை எப்போதும் சட்டைப் பையில் இருந்ததால் அவர் பெயர் பகடை ஐயா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். ஏதோ சாமானைச் சுற்றி வந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் அவர் ஒரு விளையாட்டைப் பற்றிப் படித்தார். ஆளுக்கொரு வேடம். நடுவர் நிலைமையைச் சொல்வார். என்ன செய்யப் போகிறோம் என்று ஆடுபவர் சொன்னால், அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இதற்குப் பலகை வேண்டுமா என்பது மட்டும் தாளின் கிழிந்த பாதியில் போய்விட்டது.

அந்தக் கிழிசல், தோட்ட உத்தியோகத்தர்கள் கூடும் ஸ்டாஃப் கிளப்பை இரண்டாக்கியது. நான் படிப்பித்த தோட்டப் பள்ளியின் தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்தவர். "பலகை இல்லாட்டி அது விளையாட்டோ? சும்மா கதை பறையிறது," என்றார். படித்தவர் சொன்னால் சட்டம். பகடை ஐயா ஒரு தேயிலைப் பெட்டி மூடியில் எங்கள் தோட்டத்தையே வரைந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயம், ஃபெக்டரி, ஆறு, மேட்டில் துரை பங்களா. சோடா மூடிகள்தான் ஆட்கள்.

ஆட வந்தவர்களில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் செல்லையா மட்டும் பொழுதுபோக்குக்காக வரவில்லை. புதிதாகக் கல்யாணமானவன். பெற்றோர், தங்கைகள், மனைவி எல்லோரோடும் லயத்தின் ஓர் அறைக் காம்பரா ஒன்றில் இருந்தான். கோடி லயத்தில் ஒரு காம்பரா காலியாகக் கிடந்தது. துரையிடம் கேட்க வேண்டும். துரையைக் கண்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"இங்க கேட்டுப் பழகு. நான்தான் தொரை," என்றார் பகடை ஐயா.

செல்லையாவின் மூடி பங்களாவுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது.

"ஏன் நிக்கிற?"

"கொடை பிடிச்சிருக்கேங்க. தொரை வாசல்ல மடக்கணும்ல?"

"மடக்கு."

"மழைன்னு நீங்கதானே சொன்னீங்க. நனைஞ்சு போய் நின்னா படி அழுக்காகும், தொரை ஏசுவாருங்க. நான் ஆத்துப் பக்கமா சுத்திப் போயிக்கிறேன்."

மற்றவர்களும் அவன் பின்னால் சுற்றினார்கள். தலைமை ஆசிரியர் ஏற்றிருந்தது சோழ இளவரசர் வேடம். அவரும், "மரியாதை எண்டு ஒண்டு இருக்கல்லோ," என்று இளவரசரை ஆற்றில் இறக்கினார். எந்த மாலையிலும் ஆட்டம் ஆற்றைத் தாண்டவில்லை.

பகடை ஐயா பலகையைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கினார். "இனிமே பங்களா கண்ணுல படாது. இப்ப கேளு."

செல்லையா கேட்டான். பகடை ஐயா மறுத்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அப்புறம் வரச் சொன்னார், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போகச் சொன்னார், காதில் விழாத துரையாக இல்லாத நாயைத் தடவினார். ஒவ்வொன்றுக்கும் செல்லையா ஒரு பதில் தேடிக்கொண்டான். "பலகை இல்லை, இது செல்லாது," என்று தலைமை ஆசிரியர் மட்டும் முனகிக்கொண்டிருந்தார்.

ஒரு காலை அவன் உண்மையான துரையின் வாசலில் போய் நின்றான். நடந்ததை அவனே சொன்னான். கேட்டவுடன் துரை, "சரி, எடுத்துக்கோ," என்றுவிட்டார். இது ஒத்திகையில் இல்லை.

"அப்படிச் சொல்லாதீங்க தொரை. கண்டாக்கையாகிட்ட முன்னமே கேட்டாச்சுங்க."

"எடுத்துக்கோன்னுதானே சொல்றேன்?"

"பெரட்டும் முடிஞ்சிருச்சுங்க தொரை."

பழகிய அத்தனையையும் சொல்லி முடித்துத்தான் நிறுத்தினான். அதற்குள் துரை, கூரைக்குப் புதுத் தகரமும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

"பலகை இருந்திருந்தா இந்தக் குழப்பம் வந்திராது," என்றார் தலைமை ஆசிரியர்.

காம்பராவில் பால் காய்ச்சிய நாளில் பகடை ஐயா வந்தார். லயத்தில் ஸ்டாஃப் யாரும் கை நனைக்காத காலம் அது.

"இன்னிக்கு நீங்க யாருங்க ஐயா?" என்று செல்லையாவின் மனைவி சிரித்தாள்.

"பசியோட வந்தவன்," என்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவர் மறுசோறு கேட்டபோது, வாசலிலேயே நின்றுகொண்டிருந்த நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.