விரிசல் இல்லாத சுவர்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது.

செவ்வாய்க்கிழமை காலை, புதுக் கிடங்கின் பின்சுவரைக் கொத்தனார் இடித்துவிட்டார். சுவர் நன்றாகத்தான் இருந்தது. மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

மாதக் கடைசிக்குள் பழைய கிடங்கைக் காலி செய்தாக வேண்டும், இவ்வளவு காகிதக் கட்டுகளையும் தெருவில் அடுக்க முடியாது என்று நான் புலம்பியபோது, "கவலைய விடுங்க மாமா, எல்லா வேலையையும் கம்ப்யூட்டர்ல போட்டுடறேன்" என்றீர்கள். போட்டீர்கள். நான் சொன்னது, பின்சுவரில் விரிசல் இருந்தால் இடித்துக் கட்ட வேண்டும் என்று. உங்கள் மென்பொருளுக்கு இந்த 'இருந்தால்' எல்லாம் தெரியாதாம். 'சுவர் இடிப்பு, செவ்வாய்' என்று கொத்தனார் போனுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. நான் விழுந்தடித்து ஓடிப்போய், "யோவ், விரிசல் எங்கய்யா?" என்றால், "இப்ப எங்க தேடுறது முதலாளி, அதான் இடிச்சாச்சே" என்கிறார். பெயின்டரோ வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். சுவர் வேலைக்கு டிக் விழாமல் அவருக்குத் தேதி வராதாம். மழை வந்தால் தார்ப்பாய் என்று சொன்னதற்கும் அதே கதி. வெயில் மண்டையைப் பிளக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடிய கிடங்குக்குள் எலக்ட்ரீஷியன் கும்மிருட்டில் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறார். உங்கள் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியல் முழுவதையும் படித்தாள். ஒரே ஒரு வேலைக்குத்தான் 'விருப்பப்பட்டால்' என்று போட்டு, பூஜ்ஜியம் நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள்: 'மாமாவிடம் கேட்பது'. "பரவால்லியே, நம்ம வீட்டு நடைமுறைய மாப்பிள்ளை நல்லாவே புரிஞ்சு வெச்சிருக்காரு" என்கிறாள்.

ஆகவே இனி என் தொழிலுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும், கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன். மகளுக்கு என் முழு ஆசி. உங்களுக்குப் பாதி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கொத்தனார் கூப்பிட்டார். இடிபாட்டை அள்ளும்போது பார்த்தால், பக்கத்துக் கட்டடத்துக் குழாய் கசிந்து அடிச்சுவர் உள்ளுக்குள் ஊறிப்போயிருந்ததாம். அதன்மேல் சாய்த்து அடுக்கியிருந்தால் என் காகிதம் ஒரே மாதத்தில் கூழ். நாலே நாளில் கட்டித் தருகிறாராம். காலி செய்ய நாள் இருக்கிறது. மேலே எழுதியதைப் படிக்காதது மாதிரி இருந்துவிடுங்கள். அடுத்து என் கடைக்கு மேலே மாடி கட்டும்போதும் நீங்களே பட்டியல் போட்டுக்கொடுங்கள். பேச்சு இதுதான்: 'இருந்தால்', 'வந்தால்' வேலையெல்லாம் தனிப் பட்டியல், நான் சரி சொல்லும்வரை அது யார் போனுக்கும் போகாது, அடுத்தவர் தேதியையும் பிடித்துவைக்காது. பதிலுக்கு, இந்தச் சுவர் கதையைச் சொந்தக்காரர்களிடம் வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் சொல்ல மாட்டேன். உங்கள் மாமியார் இந்த ஒப்பந்தத்தில் சேர்த்தி இல்லை.