மரகதத்துக்கு நான் நேரம் சொன்ன காலை

ஒரு மாட்டின் முன்னால் நான் அவமானப்பட்டிருக்கிறேன். உடனே அது என்னை முட்டியதாகவோ உதைத்ததாகவோ கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அது திரும்பி என்னை ஒருமுறை பார்த்தது, அவ்வளவுதான். அலுவலகத்தில் எத்தனையோ மேலாளர்கள் என்னை முறைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முன்னாலும் நான் அந்த அளவுக்குச் சுருங்கிப் போனதில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னதுதான் தாமதம், நானும் என் மனைவி சுகந்தியும் மூட்டை முடிச்சோடு தாராசுரத்துக்கு வந்து அப்பாவுடன் அவருடைய வாடகை வீட்டில் சேர்ந்துகொண்டோம். எந்த வேலை எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று பிறருக்குச் சொல்வதுதான் என் உத்தியோகம். (வேலையைச் செய்வது அவர்கள் பாடு. நான் சொல்வதோடு சரி.)

அந்த வீட்டுக்குப் பால் ஊற்றியவர் மல்லிகா அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். மொபெட்டின் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். எப்போது வருவார் என்பது மட்டும் அவருக்கே தெரியாது. திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்தவர் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு வருவார். புதன்கிழமை வரவே மாட்டார். ஏன் என்று கேட்டால் எப்போதும் ஒரே பெயரைத்தான் சொல்வார்.

"மரகதம் இன்னைக்கு தரலைங்க தம்பி."

"மரகதத்துக்கு மனசு சரியில்லைங்க தம்பி. வயல்ல அறுப்பு மிஷின் ஓடிச்சு, மிரண்டுட்டா."

"நேத்து யாரோ புது ஆளு வந்து வாசல்ல நின்னுட்டாருங்க. மரகதத்துக்கு அது புடிக்கல."

முதல் இரண்டு வாரம் மரகதம் என்பது அவருடைய மருமகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொறுமைசாலி மாமியாரா என்று சுகந்தியிடம் வியந்து வேறு சொன்னேன். அவள்தான் சிரித்து முடித்துவிட்டு, அது மாடு என்று விளக்கினாள்.

மாடு என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. ஒரு மாடு என் காபியைத் தீர்மானிப்பதா? முப்பது நாள் மல்லிகா அக்கா வந்த நேரத்தையெல்லாம் குறித்துவைத்தேன். அதைக் கலர் வரைபடமாக்கி, பிரிண்ட் எடுத்து, முப்பத்தோராம் நாள் கேட்டில் நின்று அவரிடம் நீட்டினேன். (ஆமாம், நிஜமாகவே செய்தேன். சுகந்தி அதை இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறாள்.) அவர் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத்தான் தாளை வாங்கினார். மேலும் கீழுமாக ஏறி இறங்கிய கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்குங்க தம்பி. இது எந்த ஊரு மலை?"

நேரம் தவறாமை பற்றி நான் பத்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவகிட்ட சொல்லிப் பாக்கறேங்க" என்று கிளம்பினார். மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தார். நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரிங்க தம்பி, வேணும்னா சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு செல்போனில் ஒரு பால் செயலிக்கு மாறினேன். விடியும் முன்னே வாசலில் பால், சான்றுக்குப் போட்டோ, குறை சொல்ல இருபத்துநான்கு மணி நேரமும் ஆள். முதல் வாரம் ஐந்தே முக்காலுக்கு டாண் என்று பால் வந்தது. நாகரிகம் என்றால் இதுதான் என்று அப்பாவுக்கு வகுப்பே எடுத்தேன். இரண்டாவது வாரம் பால் வரவில்லை, போட்டோ மட்டும் வந்தது. அதில் ஒரு நீல நிற கேட், கேட்டின் கீழே எங்கள் பால். எங்கள் வீட்டு கேட் பச்சை.

போன் செய்தேன். "சார், எங்க சிஸ்டத்துல டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுதுங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.

"எங்க வாசல்ல காட்டலையேம்மா."

"சிஸ்டத்துல காட்டுதுங்க சார்."

தாராசுரம் முழுக்க நீல கேட்டைத் தேடி பைக்கில் சுற்றினேன். கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் யாரோ, எங்கள் பாலில் எத்தனை நாள் காபி குடித்தாரோ. ஆனாலும் மல்லிகா அக்காவிடம் திரும்பிப் போக என் கௌரவம் இடம் தரவில்லை. பால் பாதி நாள் வந்தது, பாதி நாள் போட்டோ வந்தது. போட்டோவைப் பார்த்துக்கொண்டே வரக்காபி குடிக்கப் பழகினேன்.

இதற்கிடையில் வலங்கைமான் சாலையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு முடிந்துவிட்டது. தை மாதத்தில் ஒரு நாள் கிரகப்பிரவேசத்துக்குக் குறித்தார்கள். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் பால் காய்ச்ச வேண்டும்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து பதினோரு வாடகை வீடுகளில் அம்மா பால் காய்ச்சியிருக்கிறாள். சொந்த வீட்டில் ஒருமுறை பொங்கவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த ஆசை நிறைவேறுவதற்குள் போய்விட்டாள். அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்கம்மா கையால பொங்க வேண்டியது. அவ இல்ல. பாலாவது கன்னு போட்ட பசுவோட பாலா, அன்னைக்குக் கறந்ததா இருக்கட்டும்ப்பா."

"மல்லிகா அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றாள் சுகந்தி.

"அவங்க பால் கொண்டு வர்றதுக்குள்ள வீட்டுக்கு மறுபடி வெள்ளை அடிக்கிற காலம் வந்துடும்" என்றேன். செயலியில் 'பண்ணைப் பசும்பால், அன்றே கறந்தது' என்றொரு வகை இருந்தது. அதைப் பதிவு செய்து, போனில் பேசி மூன்று முறை உறுதியும் வாங்கிக்கொண்டேன்.

அன்று காலை ஹோமம் முடிந்தது. கூடத்தில் எண்பது பேர். புதுப் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. அப்பா அடுப்புக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறேகாலுக்கு என் போன் சிணுங்கியது. 'உங்கள் பால் வாசலில் வைக்கப்பட்டது.' கீழே போட்டோ. அதே நீல கேட். எங்கள் புது வீட்டுக்கு அப்போது கேட்டே போட்டிருக்கவில்லை.

யாரோ கடையில் பாக்கெட் வாங்கலாம் என்றார்கள். அப்பா காலிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பட்டு வேட்டி, புதுச் சட்டை, சுபகாரியம் என்று கொஞ்சம் அதிகமாகவே அடித்துக்கொண்ட சென்ட். இந்தக் கோலத்தில், சாலையில் பாதிக்குக் காயப்போட்டிருந்த நெல்லை வளைந்து வளைந்து தாண்டி, வாய்க்கால் கரையில் இருந்த மல்லிகா அக்காவின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் அப்போதுதான் கறக்க உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார்.

"வாங்க தம்பி. வீடு குடி போறீங்கன்னு கேள்விப்பட்டேன். எல்லாம் நல்லபடியா நடக்குதா?"

நடக்கவில்லை என்று சொல்லி, தலையைக் குனிந்துகொண்டே ஒரு லிட்டர் பால் கேட்டேன். ஒரு குத்தல் பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"அதுக்கென்ன, தாராளமா தர்றேன். நீங்க மட்டும் வேலிக்கு அந்தாண்ட போய் நில்லுங்க. புது ஆளைக் கண்டா பாலை அடக்கிக்குவா."

மரகதத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு சின்ன அறையை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய மாடு. என்னைக் கண்டுகொள்ளாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. மல்லிகா அக்கா கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டினார். மடியைக் கழுவினார். வாளியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொண்டு இழுத்தார். பால் பீறிட்டு வாளியில் விழும் சத்தம் கேட்டது. இத்தனை வருடமாகக் காபி குடித்தவன் அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்கிறேன். உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடு நான் வேலிக்கு அப்பால் போயிருக்கலாம். ஆனால் என் உத்தியோக புத்தி விடவில்லை.

"அக்கா, மணி ஆறு நாப்பத்தஞ்சு."

"சரிங்க தம்பி."

"ஆறு நாப்பத்தாறு, அக்கா."

அந்த நேரம் பார்த்து என் போன் அலறியது. எடுத்தேன். அதே பெண் குரல். "சார், இன்றைய டெலிவரி அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீங்க சார்?"

நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஒரு வாரமாக, ஒரு மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அந்தக் கொட்டகையில் நின்று கத்தினேன். அப்போதுதான் மரகதம் அசைபோடுவதை நிறுத்திவிட்டு, நிதானமாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. வாளியில் சத்தம் நின்றது. குழாயை மூடியது போல நின்றது.

மல்லிகா அக்கா நாலு காம்பையும் இழுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. வாளியின் அடியில் அரை டம்ளர் பால் கிடந்தது.

"அடக்கிட்டா" என்றார்.

"இப்ப என்னக்கா பண்றது?"

"நாம பண்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க. அவ மனசு வைக்கணும்."

எதுவும் நடக்கவில்லை என்றால் மேலதிகாரிக்கு எழுதுவது என் வழக்கம். மரகதத்துக்கு மேல் யாருக்கு எழுதுவது? மடி நிறையப் பால் இருக்கிறது, என் கண் எதிரிலேயே இருக்கிறது, அதைத் தருவதில்லை என்று ஒரு ஜீவன் முடிவெடுத்துவிட்டது. உலகத்தில் எந்தக் கயிறும் எந்தப் பணமும் அந்த முடிவை மாற்றாது. எனக்குக் கோபம் போய், ஒருவிதமான பயபக்தி வந்துவிட்டது. இந்த மகாராணியிடம் தினமும் விடியற்காலையில் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவரிடமா நான் வரைபடத்தை நீட்டினேன்? இரண்டு கையையும் கூப்பி, "மரகதம், மன்னிச்சுக்கம்மா" என்றேன். (சத்தியமாகச் சொன்னேன்.) மரகதம் பதிலுக்குச் சாணி போட்டது. அது சிமெண்டுத் தரையில் விழுந்து தெறித்து, என் பட்டு வேட்டியில் முழங்கால் வரை அலங்காரம் செய்தது.

"நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி."

"வெறுங்கையோடவாக்கா?"

"போங்க. நீங்க இங்க நிக்கற வரைக்கும் தரமாட்டா."

போனேன். எண்பது பேரும் என் கையைப் பார்த்தார்கள், பிறகு வேட்டியைப் பார்த்தார்கள். மணி ஏழு. அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன். "தப்பு என் மேலதாம்ப்பா" என்றேன். அவர் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். அப்பா என் கையைப் பிடித்து இருபது வருடமாவது ஆகியிருக்கும். ஏழேகால் ஆனது. ஏழு இருபது ஆனது. ஐயர் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். சுகந்தி வாசலிலேயே நின்றாள்.

ஏழு இருபத்திரண்டுக்கு மொபெட் சத்தம் கேட்டது.

மல்லிகா அக்கா தூக்குவாளியோடு உள்ளே வந்தார். மூடியைத் திறந்தபோது நுரை மேலே வந்து நின்றது, கறந்த சூடு இன்னும் ஆறவில்லை. சுகந்தி வாங்கிப் பாத்திரத்தில் ஊற்றினாள். பால் முதலில் ஓரங்களில் முணுமுணுத்தது, பிறகு மெல்ல எழும்பியது, விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான். அன்று என்னவோ பிரசாதம் வாங்கக் காத்திருப்பவன் போல நின்று பார்த்தேன். அப்பா அழுதார்.

முதல் டம்ளரை அப்பா மல்லிகா அக்காவிடம் கொடுத்தார். "நீங்க குடிங்கம்மா" என்றார். எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்.

"எப்படிக்கா தந்தா?"

அவர் டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு ஒளிவுமறைவும் இல்லாமல் சொன்னார்.

"நீங்க போயிட்டீங்கல்ல, அதான்."

எண்பது பேர் சிரித்த சிரிப்பில் புது வீட்டின் சுண்ணாம்பு உதிராததுதான் ஆச்சரியம். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எங்கே போய் நின்று யோசனை சொன்னாலும் இந்த வசனம் வந்துவிடும். அப்பா மிக்ஸியைப் பிரித்து மாட்டும்போது பக்கத்தில் போனால், "நீ போயிட்டீன்னா ஓடும்ப்பா" என்பார். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னிடம் மரகதத்தின் நலம் விசாரிப்பார்கள். மல்லிகா அக்கா மறுநாளிலிருந்து மறுபடி பால் ஊற்றினார், எப்போது வந்தாரோ அப்போது. நான் ஏன் என்று கேட்டதே இல்லை.

இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள். சுகந்திக்கு முதல் இரண்டு நாள் பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை அழுதது, அவளும் அழுதாள். நான் கட்டிலின் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியாக எப்போது வாய் வைத்தாள், எத்தனை நிமிடம் குடித்தாள், அடுத்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க" என்றாள் சுகந்தி, சோர்ந்துபோன குரலில். "மரகதம் பண்ணதுல ஒரு தப்பும் இல்லைங்க. கொஞ்சம் வெளில நில்லுங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். போனை அணைத்துப் பையில் போட்டேன். உள்ளே குழந்தை அழுதுகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அழுகை நின்றது. சின்னதாக, விடாமல், விழுங்கும் சத்தம் கேட்டது.

நான் கதவைத் திறக்கவில்லை.