முப்பது மணி நேரக் கீழ் பெர்த்

இந்தத் தடவை கீழ் பெர்த் எனக்குத்தான் என்ற வீர சபதத்தோடு டிக்கெட் கவுன்ட்டருக்குக் கிளம்பினேன்.

நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். ஊரையே சுகமாகப் படுக்க வைக்கிறவன். அப்படிப்பட்டவன் பன்னிரண்டு வருஷமாக மனைவிக்குக் கீழ் பெர்த்தைக் கொடுத்துவிட்டு, மேலே ஏறி, மின்விசிறியில் தலையை முட்டிக்கொண்டால் தொழிலுக்கே அவமானம் இல்லையா? அதெல்லாமாவது ஒரு ராத்திரிப் பயணம். இப்போது மைத்துனர் வீட்டுக்கு முப்பது மணி நேரம். காலையில் ஏறினால் மறுநாள் மத்தியானம்தான் இறங்க முடியும்.

கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்து சொல்லியனுப்பினாள். "கீழ் பெர்த் எனக்கு. மேல ஏறினா எனக்குத் தலை சுத்தும். ஞாபகம் இருக்கட்டும்!"

ஞாபகம் இருந்தது. அதனால்தான் கீழ் பெர்த்தை என் பேரில் போட்டேன்.

வீடு திரும்பி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். "கம்ப்யூட்டர் உன்னை மேல தூக்கிடுச்சும்மா."

"மாத்திக்க முடியாதா?"

"சீட்டுல பேர் போட்டிருக்கான். சட்டம்."

"சரி, என் தலையெழுத்து." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கே கொஞ்சம் உறுத்தியது.

ரயிலில் ஏறியதும், தலை சுத்துகிறவள் அணில் மாதிரி மேலே தாவினாள். தலையணையை வைத்தாள். புத்தகத்தை விரித்தாள். கட்டையை நீட்டினாள்.

நானும் நீட்டினேன்.

"சார், காலை மடக்குங்க. பகல்ல எல்லாரும் உட்கார்ற சீட்டு இது" என்றார் நடு பெர்த்துக்காரர், ஒரு பருத்த கான்ட்ராக்டர். அவர் உட்காரவில்லை, குடியேறினார். அடுத்த பெட்டியிலிருந்து அவருடைய சகலை வேறு பேச வந்து உட்கார்ந்தார். எனக்கு மிஞ்சியது ஒரு சாண். அந்த அகலத்தில் எந்தக் கம்பெனியும் மெத்தை செய்வதில்லை.

மேலிருந்து அவ்வப்போது ஒரு கை மட்டும் தொங்கும்.

"என்னங்க, தண்ணி."

"என்னங்க, டீ."

"கீழதானே இருக்கீங்க, என் செருப்பைப் பார்த்துக்குங்க."

சாயங்காலத்துக்குள் இடுப்பு கழன்றுவிட்டது. கான்ட்ராக்டர் என் தோளிலேயே தூங்க ஆரம்பித்தார். அவரை மெல்லச் சகலைமீது சாய்த்துவிட்டு எழுந்து, மேலே எட்டிப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டர் மேல தப்பில்லம்மா. நான்தான் வேணும்னே அப்படிப் போட்டேன்."

"தெரியுமே!"

"தெரியுமா? அப்புறம் ஏன் கீழ வேணும்னு கேட்ட?"

"மேல வேணும்னு கேட்டிருந்தா, மேலதான் வேணும்னு நீங்க மல்லுக்கு நின்னிருப்பீங்க."

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தாள். சடசடவென்று இறங்கினாள்.

"ஏறிப் படுங்க. ஒரு மணி நேரம் முதுகை நீட்டுங்க. நான் உட்கார்ந்துக்கிறேன்." தலையணையைத் தட்டிச் சரிசெய்தும் கொடுத்தாள்.

நெஞ்சு இளகிவிட்டது. அந்தச் சந்தர்ப்பத்தை விடலாமா? "திரும்பி வரும்போது எனக்கு மேல் பெர்த்தும்மா. சரியா?"

"அதெப்படிங்க? நீங்க கவுன்ட்டருக்குப் போனதுக்கு முந்தின நாளே ரிட்டர்ன் புக் பண்ணிட்டேனே... உங்களுக்குக் கீழதான்!"