ஆறு டம்ளர் தண்ணீரும் பதினாலாம் நம்பர் சீட்டும்

ஆறு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு ஒரு மனிதன் எவ்வளவு நேரம் மானத்தோடு உட்கார்ந்திருக்க முடியும்? யாராவது கேட்டால் என்னிடம் சரியான விடை இருக்கிறது. ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட முடியாது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவன் நான். தினமும் பிள்ளைகளின் தலையை எண்ண வேண்டும். முட்டை போடுகிற நாளில் முட்டையையும் எண்ண வேண்டும். வேலை விட்டது, வியாதி விடவில்லை. பஸ் ஏறினால் ஜன்னல் எண்ணுவேன். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் இலை எண்ணுவேன். (எண்ணி என்ன கிழிக்கப் போறே என்று கேட்காதீர்கள். பெண்டாட்டி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.)

அந்தப் பெண்டாட்டியின் பெயர் பச்சையம்மா. தொண்ணூறுகளின் கடைசியில், அவளுக்கு நாற்பத்தாறு வயதிருக்கும்போது, களை எடுக்கப் போன இடத்தில் சேற்றிலேயே மயங்கி விழுந்தாள். அள்ளிப் போட்டுக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்கு ஓடினேன். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் அவள் ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மேஜையைப் பார்த்தபடியே சொன்னார்:

"கட்டி இருக்கும். கர்ப்பப்பையை எடுத்துடணும். வெள்ளிக்கிழமை வந்து படுங்க."

ஏழு வார்த்தை! ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்குகிறவர்கூட இதைவிட அதிகம் பேசுவார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா? இல்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னாரா? இல்லை. என்ன கட்டி, எத்தனை கட்டி? ஒன்றும் கிடையாது. சுரைக்காயைக் கொடியிலிருந்து அறுப்பதுபோல வெள்ளிக்கிழமை அறுத்துவிடுவாராம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை சுடுகிறது.

வெளியே வந்ததும் பச்சையம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க சின்னம்மாவுக்கும் இப்டித்தான் கட்டின்னாங்க. அப்பால புத்துன்னாங்க. மூணு மாசத்துல முடிஞ்சி போச்சி."

"ஒனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லமே."

"நீ எண்ணிப் பாத்தியா?"



வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் ஊரே வந்து காரணம் சொல்லிவிட்டுப் போனது. குடம் தூக்கினது, வெறும் வயிற்றில் டீ குடித்தது, உடம்புச் சூடு, கத்தரிக்காய், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்று மொத்தம் எட்டுக் காரணம். எட்டாவதைச் சொன்னது என் மாமியார். அந்தக் காரணம் நான்.

ஊருக்கு வருகிற நர்ஸம்மாதான் நிதானமாகப் பேசினார். "அவசரப்பட்டுப் படுத்துடாதீங்க. காஞ்சிபுரத்துல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. அங்கயே ஸ்கேனும் இருக்கு. போனதும் ஆறு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கணும். மூத்திரப்பை நிறைஞ்சிருந்தாத்தான் கர்ப்பப்பை நல்லாத் தெரியும்."

வியாழக்கிழமை கிளம்பினோம். ஒரு கேன் தண்ணீர், ஒரு எவர்சில்வர் டம்ளர். அங்கே எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சு; பச்சையம்மாவையும் அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேரையும் சேர்த்துப் பதினேழு பெண்கள். பச்சையம்மாவுக்குப் பதினாலாம் நம்பர் சீட்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று அதை நான் என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். (இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் டம்ளரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான் மட்டும் குடிச்சிட்டு வவுத்தப் புடிச்சிக்கினு குந்தினு இருக்கணும், நீ காலாட்டிக்கினு எண்ணிக்கினு இருப்பியா? நீயும் குடி."

"எனக்கு இன்னாத்துக்குமே? கர்ப்பப்பையா கீது?"

"தொணைக்குக் குடிய்யா."

எதிர்பெஞ்சில் தென்னேரிக்காரம்மா ஒருத்தி, எனக்கு ஒரு அக்கா இருந்தால் எப்படி அதட்டுவாளோ அப்படிச் சொன்னாள்: "பொம்பள இம்மாந்தூரம் வந்து கீது. குடியேன் அண்ணா, கொறஞ்சா பூடுவே?"

குடித்தேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஆறு முடிந்தபோது மணி ஒன்பது ஐம்பது. காலையில் நான் இரண்டு டீ குடித்திருந்ததைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

எட்டாம் நம்பர் உள்ளே போய் வந்ததும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், டீசல் இல்லையாம். மிச்சம் ஒன்பது பெண்கள் நிறைந்த வயிற்றோடு, முழங்காலைச் சேர்த்து, விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று சீட்டுக் கொடுக்கிற பெண்ணிடம் நியாயம் கேட்டேன். இத்தனை பேரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு டீசல் வாங்காமல் இருப்பது என்ன யோக்கியதை, உங்கள் வீட்டுப் பெண்களை இப்படி உட்கார வைப்பீர்களா என்று கையை நீட்டி நீட்டிக் கேட்டேன். ஒன்பது பெண்களும் என்னைத் தலைவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பேச்சின் பாதியில் என் குரல் மாறியது.

மணி பதினொன்று முப்பத்திரண்டு.

"அந்த... பாத்ரூம் சாவி எங்கம்மா?"

"பொம்பளைங்க நாங்களே அடக்கிக்கினு கீறோம்," என்றாள் தென்னேரிக்காரம்மா. "ஒனக்கு இன்னா அண்ணா, ஒனக்குமா ஸ்கேனு?"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அந்தக் கட்டடத்துக்கே இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. உள்ளே போய்த் தாழ்ப்பாளை அடித்துப் போட்டேன். அடுத்த இரண்டு நிமிடம் என் வாழ்க்கையின் மிக நிம்மதியான நேரங்களில் ஒன்று. அதன் பிறகு தாழ்ப்பாளை இழுத்தேன். வரவில்லை. இருபத்து மூன்று தடவை இழுத்தேன். துரு பிடித்த தாழ்ப்பாள் அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. வெளியே நம்பர் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒன்பது. பத்து. கதவைத் தட்டினேன், ஓடத் தொடங்கிய ஃபேன்களின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் "பதினாலு!" என்று கூப்பிட்டார்கள். பச்சையம்மா எழுந்தாள். சீட்டு கேட்டார்கள். சீட்டு இல்லாமல் விடமாட்டார்களாம், அடுத்த நம்பரைக் கூப்பிடப் போகிறார்களாம். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து உள்ளேயிருந்து கத்தினேன்:

"பதினாலு என்கிட்ட கீது! கதவு தொறக்கல! நான் மாட்டிக்கினேன்!"

வெடித்தது பாருங்கள் சிரிப்பு, அந்தச் சிரிப்பில்தான் விபரீதமே நடந்தது. நிறைந்த வயிற்றோடு சிரிக்கக் கூடாது. "யம்மா, சிரிக்க வெக்காதீங்கடி, தாங்கலடி" என்று தென்னேரிக்காரம்மா அலறியது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவளே கதவை இடித்தாள்.

"யோவ், வெளிய வாய்யா!"

"வர முடிஞ்சா வரமாட்டேனா?"

பச்சையம்மாவுக்கு அடுத்துக் காத்திருந்த மூன்று பெண்களும் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஓடினார்களாம். மூன்று பேரும் மறுபடி ஆறு ஆறு டம்ளர், ஆகப் பதினெட்டு டம்ளர் குடிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாவம் என் தலையில்.

நான் குனிந்து சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். சேற்றில் வெடித்த விரல்கள் அதை எடுத்துக்கொண்டன. பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று பின்னாளில் கேட்டபோது சொன்னாள்: "சிரிச்சி உட்டுட்டா, மறுபடி குடிச்சி எப்ப பாக்கறது, எப்ப வூடு போறது? நாளிக்கு வெள்ளிக்கிழமை. பல்லக் கடிச்சிக்கினு உள்ள பூட்டேன்."

எதிர்க்கடைக்காரர் கடப்பாரையோடு வந்து என்னை மீட்டார். பெஞ்சில் இருந்த பெண்களின் முகத்தைப் பார்க்காமல், தரையில் ஓடு எண்ணிக்கொண்டே டாக்டர் அறைக்குப் போனேன். (முப்பத்தாறு.)

லேடி டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாசத்துல எத்தனை நாள் போகுது?"

நான் முந்திக்கொண்டேன். "மூணு நாள் டாக்டர். எல்லாருக்கும் போல."

"பதினோரு நாளு," என்றாள் பச்சையம்மா.

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசமா. கட்டி கட்டியாப் போவுது."

எங்களுடையது இரண்டே அறை உள்ள வீடு. ஒரு முட்டை குறைந்தால் ராத்திரி தூங்காதவன் நான். எனக்கு முன்னாலேயே பதினோரு நாள், இரண்டு வருடம். அந்த ரத்தத்தோடு அவள் சேற்றில் நின்று களை எடுத்திருக்கிறாள். கிளினிக் டாக்டர்மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி வந்து என்மேலேயே விழுந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூன்று கட்டி, பெரியது எலுமிச்சம்பழ அளவு. தசைநார்க் கட்டி. பார்த்தவரையில் புற்று மாதிரி எதுவும் இல்லை. நிறையப் பெண்களுக்கு வருகிறது, பாதிப் பேருக்குத் தெரிவதுகூட இல்லை. தீட்டு நிற்கிற வயசு நெருங்குகிறது, நின்றதும் பெரும்பாலும் சுருங்கிவிடும். ரத்தம் மிகக் குறைவு, அதனால்தான் மயக்கம். ரத்தம் ஊற மாத்திரை, போக்கைக் குறைக்க மாத்திரை, மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். அப்போதும் அடங்காவிட்டால் ஆபரேஷனைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.

"எதனாலம்மா வந்திச்சி?"

"சரியா இதுதான்னு யாருக்கும் தெரியாதும்மா. உடம்புல சுரக்கிற ஹார்மோனால வளருது. சில குடும்பத்துல அதிகமா வரும். நீங்க தூக்கினதோ தின்னதோ இல்ல. உங்க வீட்டுக்காரரும் காரணமில்ல."

பச்சையம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "அத மட்டும் இன்னொரு தபா நல்லாப் பாத்து சொல்லுங்கம்மா."

பஸ் ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் அவள் சிரிக்கத் தொடங்கினாள். அடக்கி வைத்த அத்தனையும் சேர்த்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உத்திரமேரூர் வரைக்கும். நான் ஜன்னல் எண்ணிக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு முட்டைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய நாளையும் எழுத ஆரம்பித்தேன். பதினொன்று ஒன்பதானது, ஒன்பது ஆறானது. இரண்டு வருடம் கழித்து ஒன்றுமே இல்லை என்றானது. கத்தி படாமலே தப்பித்தாள்.

நான்தான் தப்பிக்கவில்லை. இன்றைக்கும் எந்த விசேஷத்தில் உட்கார்ந்து நான் தண்ணீர் குடித்தாலும், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சத்தமாக எண்ணுவார்கள். ஐந்து ஆனதும் யாராவது ஒருத்தர் ஓடிப்போய்க் கழிப்பறைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார்கள். பெரியவனுக்குக் கொடுக்கிற மரியாதையா இது? எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ஆனாலும் "ஒண்ணு..." என்று முதலில் எண்ணத் தொடங்குவது பச்சையம்மா. அதனால் குடித்துவிடுகிறேன்.