ஹெல்மருக்குள் குடிவந்த வீரர்

மடியில் வந்து அமர்ந்த கிரீம் கேக் தட்டை ஹெல்மர் இரண்டு விரலால் தள்ளிவைத்தார். அக்கா மார்யானின் பிறந்தநாள். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பதினான்கு பேர், பதினான்கு மடிகளிலும் கேக்.

“ஏண்டா, அக்கா கையால செஞ்சது இறங்காதா?”

“எனக்கு ஆசைதான்க்கா. உள்ள இருக்கிறவர் ஒத்துக்க மாட்டார்.”

எல்லாக் கரண்டிகளும் நின்றன. சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

பதினோரு வருஷமாகப் பெருங்குடலில் புண், அடக்க முடியாத வயிற்றுப்போக்கு, கூடவே மூட்டுவலி. லேவார்டனில் எந்தக் கடையில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது நகரசபையைவிட அவருக்கு அத்துப்படி. ஜனவரியில் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை வடிகட்டி, அதிலுள்ள நல்ல கிருமிகளைக் குழாய் வழியே நோயாளியின் குடலில் குடியேற்றுவார்கள். படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்; சொன்ன நாளில், சோதனைக்குத்தான் என்று நினைத்துத் தன்னுடையதையும் ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தார், குழாயும் வைத்தாயிற்று.

வட்டத்தில் ஒவ்வொரு தட்டாகத் தரைக்கு இறங்கியது.

“கேக்கு திங்கிற நேரத்துல பேசுற பேச்சாடா இது!”

சரிக்கட்ட நினைத்த ஹெல்மர், கொடையாளியின் பெருமையை எடுத்துவிட்டார். “நூறு பேர் வந்தா மூணு பேரைத்தான் தேர்ந்தெடுப்பாங்களாம். லேசுப்பட்ட ஆளோடது இல்லக்கா.”

“யாரோடதாம் மாப்ளே? அரண்மனையிலேர்ந்து வந்துச்சா?” என்றார் அக்கா புருஷன் டூவே.

“பேரு சொல்ல மாட்டாங்க அத்தான். சைக்கிள் பந்தய வீரராத்தான் இருக்கணும். வந்த நாள்லேர்ந்து என் காலு சும்மா இருக்க மாட்டேங்குது.”

கால் சும்மாதான் இருந்தது. மனைவி போய் ஆறு வருஷமாயிற்று. அதன்பிறகு பெருமையடித்துக்கொள்ள அவருக்கு வாய்த்த முதல் ஆள் இந்தக் கொடையாளி. அதனால் நாக்கு கொஞ்சம் நீண்டுவிட்டது.

மறுநாளே டூவே, கடலணைமேல் நடக்கும் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு ஹெல்மரின் பெயரைப் பதிந்துவிட்டார். அந்த அணைமேல் புல், ஆடு, காற்று தவிர ஒன்றும் கிடையாது. கழிப்பறை கிடையவே கிடையாது.

“என் சைக்கிள் பழசு அத்தான்” என்றார். சாயங்காலமே பந்தய சைக்கிள் ஒன்று வாசலில் நின்றது.

“எதிர்காத்து இல்லாம ஓட்டினா வீரருக்குக் கௌரவக் குறைச்சல்” என்று ஒத்திப்போடப் பார்த்தார். புயல்காற்று அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் அந்த ஓட்டத்தையே வைப்பார்கள் என்று தெரிந்தது.

இனி வீரரின் மானம் இவர் கையில். சிகரெட் குப்பைக்குப் போனது. பொரித்த இறைச்சி உருண்டைக் கடையைப் பார்க்காமல் தெருவைச் சுற்றிப் போனார். முழுதானிய ரொட்டி, அவரை, முட்டைக்கோஸ், தினமும் காலையில் அணைமேல் ஒரு மணி நேரம் சைக்கிள்.

ஓட்டத்தன்று காற்று முகத்தில் அறைந்தது. பாதி வழியில் டூவே காரைப் பக்கத்திலேயே ஓட்டிவந்தார்.

“போதும் மாப்ளே, ஏறிக்க! செத்துகித்துத் தொலைக்காதே!”

“நான் ஏறிடுவேன் அத்தான். அவர் ஏற மாட்டார்!”

கடைசியாகத்தான் வந்தார். ஓட்டி முடித்த எல்லோருக்கும் தரும் மெடலைக் கழுத்தில் போட்டபோதுதான் உறைத்தது: நாற்பது கிலோமீட்டரில் வயிறு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தார்.

கடைசிப் பரிசோதனையில் குடல் சுத்தமாக இருந்தது. ஹெல்மர் மெடலைத் துடைத்து நர்ஸ் ஸான்னெயின் மேசையில் வைத்தார்.

“ஆராய்ச்சிதான் முடிஞ்சிடுச்சே, இனிமேலாவது அந்த மனுஷன்கிட்ட இதைச் சேர்த்துடும்மா. ஓட்டினது நான். ஓட வச்சது அவர்.”

ஸான்னெ கணினியில் அவர் எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மெடலை மெல்ல அவர் பக்கமே தள்ளினாள்.

“உங்களுக்கு வேற யாரோடதும் வைக்கல ஐயா. படிவத்துல போட்டிருந்த ஒப்பிட்டுப் பார்க்கிற குழு நீங்க. அன்னிக்குக் காலையில நீங்க டப்பாவுல கொண்டுவந்ததையே வடிகட்டி உங்களுக்கே திருப்பி வச்சோம்.”