சிட்டுமாயன் என்று கருதி வெட்டப்பட்டேன்

மத்திய அரசுப் பணியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்த எனக்கு, நான் நான்தான் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஒரே ஒரு முறைதான் நேர்ந்தது. அதில் நான் தோற்றேன். அதுவும் தலைநகரத்துக் கிட்வாய் நகரில், பட்டப்பகலில், அண்டை வீட்டார் வேர்க்கடலை உரித்தபடி பார்த்துக்கொண்டிருக்கையில்.

எண்பதுகளின் நடுவே ஒரு ஜனவரி ஞாயிறு. குவார்ட்டர்ஸுக்கு முன்னிருந்த புல்வெளியில் காலனியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முந்தைய வாரம்தான் காலனிப் பொங்கல் விழாவில் ‘பிள்ளைகளை அறிந்து வளர்த்தல்’ என்னும் பொருளில் நாற்பது நிமிடம் உரையாற்றியிருந்தேன். (கொடுத்தது என்னவோ இருபது நிமிடம்தான். அது வேறு விஷயம்.)

என் மைத்துனன் சேஷு, பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து ஞாயிறுதோறும் சாப்பிட வருவான். அந்த ஆண்டு வெளிநாட்டு விளையாட்டு ஒன்றையும் கொண்டுவந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு வேடம் ஏற்று வாயாலேயே கதையை நகர்த்த வேண்டும். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதை இருபது முகமுள்ள பகடை ஒன்று தீர்மானிக்கும்.

அதற்கென்றே என் மகள் ரேவதி ஒரு குறும்புப் பூதத்தைப் படைத்து, ஒரு நோட்டு நிறைய வரைந்தும் எழுதியும் வைத்திருந்தாள். பெயர் சிட்டுமாயன். முழங்கால் உயரம், வெற்றிலை போன்ற காது, ஊரை ஒட்டிய ரிட்ஜ் காட்டில் வாசம். வழிப்போக்கரின் சர்க்கரையை உப்பாக்கும். செருப்புகளை ஜோடி மாற்றும். எவர் உருவத்தையும் எடுக்கும். ஆனால் அவருடைய நினைவை மட்டும் எடுக்க இயலாது. அந்தக் குறையை வைத்துத்தான் பூதத்தைப் பிடிக்க வேண்டும்.

அன்று காலனிப் பிள்ளைகள் ஆடவிருந்த விளையாட்டுக்கு ஓர் ஆள் குறைந்தது.

“அத்திம்பேர், சித்த வந்து ஒக்காருங்கோளேன். உங்களுக்கு நடிக்கற வேலையே இல்லை,” என்றான் சேஷு.

ஒரு பொறுப்பான அதிகாரிக்குரிய தயக்கத்துடன் ஜமக்காளத்தில் அமர்ந்தேன். அவன் மடித்துக் கொடுத்த சீட்டை மறைத்து வைத்துப் படித்தேன்: ‘நீங்கள் அசல் அப்பா. காட்டில் வழி தவறிய மகளை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறீர்கள்.’ இதைவிட எளிய வேடம் உண்டா?

ரேவதி வாளை (மர ஸ்கேல்தான்) உயர்த்தினாள்.

“நில்லு! நீ எங்கப்பாவா, சிட்டுமாயனா? மூணு கேள்வி. நான் எந்த கிளாஸ், என்ன செக்‌ஷன்?”

“ஏழாவது, ஏ.”

கடலை உரிக்கும் ஓசை நின்றது. சேஷு இருமிக்கொண்டே எட்டு விரல்களைக் காட்டினான். அதை ஒழுங்கீனம் என்று கருதி அவனை முறைத்தேன்.

“எட்டாவது, டி! என் பெஸ்ட் ஃப்ரெண்ட் யாரு?”

“அந்த... மாடிவீட்டு மல்ஹோத்ரா பொண்ணு.”

“அவா சண்டிகர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு! சுனிதா. இதோ, உன் பக்கத்துலயே ஒக்காந்திருக்கா. தெனம் எங்காத்துலதான் டிபன் சாப்பிடறா.”

சுனிதா என்னை நோக்கிப் பணிவுடன் கைகூப்பினாள்.

“கடைசி கேள்வி. போன வாரம் ஸ்கூல்லேர்ந்து ஒரு லெட்டர் வந்துது. எங்கப்பா கையெழுத்துப் போட்டார். அதுல என்ன இருந்தது?”

வீட்டுக்கு வரும் காகிதங்களிலும் அலுவலகக் கோப்பைப் போலவே மூலையில் சுருக்கொப்பமிட்டு, தேதியிட்டு, அப்பால் நகர்த்திவிடுவது என் வழக்கம்.

“ஃபீஸ் சம்பந்தமா ஏதோ...”

“டிபேட் டீமுக்கு என்னை கேப்டனா போட்டிருக்கா!” அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “பக்கா சிட்டுமாயன்!”

நான் எழுந்து நின்றேன். “இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் முன்கூட்டியே தெரிவிக்கணும்! நான் நெஜமாவே ஒங்கப்பாடீ!”

“அச்சா! கோவம்கூட அப்படியே அப்பா மாதிரியே வரது,” என்று வியந்தபடி பகடையை உருட்டினாள். உச்ச எண்ணான இருபது விழுந்தது. ஸ்கேல் என் தோளில் இறங்கியது. நான் மாண்டேன்.

சேஷு என் கையிலிருந்த சீட்டை வாங்கி, தயங்கித் தயங்கி வாசித்தான். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த என் மனைவி கமலா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “ஏன்னா, அன்னிக்குப் பேசின நாப்பது நிமிஷத்துல அந்த லெட்டரைப் படிச்சிருக்கலாமோன்னோ?”

புல்வெளி முழுவதும் சிரித்தது. தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். ரேவதி மட்டும் சிரிக்கவில்லை.

“நெஜ அப்பாவா? எனக்குத் தெரியலையேப்பா... ஸாரிப்பா.”

அந்த இடத்தில் நான் மறுபடி உட்கார்ந்து, நாலாவது கேள்வி ஒன்றைக் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். மாறாக, என் கௌரவத்தைத் தூக்கி நிறுத்தும் பொருட்டு, “படிக்கற பொண்ணுக்குப் பூதமும் பிசாசும் எதுக்கு? இன்னியோட நிறுத்து!” என்று ஆணையிட்டேன். அவள் வாதாடவில்லை, விவாத அணித் தலைவியாக இருந்தும். நோட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். நான் அதைப் பழைய செய்தித்தாள்களோடு போட்டேன். அடுத்த வாரம் பழைய காகிதம் வாங்கும் கபாடிக்காரன் எடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. (சுருக்கொப்பம்கூட இடவில்லை.)

ரேவதி இப்போது புனேயில் இருக்கிறாள். நான் தொலைபேசியில் அழைத்தால், எடுத்தவுடன் “அசல்தானா? மூணு கேள்வி!” என்பாள். மாப்பிள்ளையும் கேட்கிறார், பேரக்குழந்தைகளும் கேட்கிறார்கள். முன்னேற்பாடாகக் கமலாவிடம் விசாரித்துக்கொண்டுதான் எண்ணை அழுத்துகிறேன். மூன்றில் இரண்டுக்காவது சரியான விடை சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் முதல் முறையாக நான் ஒரு கேள்வி கேட்டேன்: “சிட்டுமாயன் வேற என்னல்லாம் பண்ணும்? அந்த நோட்டுல என்னம்மா எழுதியிருந்தே?”



“மறந்தே போச்சுப்பா,” என்றாள்.

அது மெய்யா என்று சோதித்தறிய என்னிடம் கேள்வி எதுவும் இல்லை.