நீலவாளி அண்ணையும் என் சேட்டிபிக்கற்றுகளும்

மன்னார்த் தீவில் என் உயிரை வாங்கியவர் என்று ஒரே ஒருவரைத்தான் சொல்வேன். நீலவாளி அண்ணை. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

பள்ளிமுனையில் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிப்பது அவர் தொழில். நான் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். தூரிகையைக் காயவிட்டுவிட்டுத் தத்துவம் பேசுவார்.

“தம்பி, கண் தானாப் பாக்கிறேல்லை. என்ன கிடைக்குமெண்டு மண்டை யோசிச்சுப்போட்டுத்தான் கண்ணைத் திருப்புது.”

“விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. முன்னாலை இருக்கிறது கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான்.”

அப்படிச் சொன்ன என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும். மறுநாளே வாசலில் இரண்டு வாளிகள், ஒன்று நீலம், மற்றது சிவப்பு. நீலத்துக்குள் பேக்கரியில் மிஞ்சிய பாண்; சிவப்பு வெறும் வாளி. தினமும் இடம் மாற்றி மாற்றி வைத்தார். ஊர்க் கழுதைகள் முதலில் இரண்டிலும் மூக்கை நுழைத்தன. பத்தாம் நாள் சிவப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம், நீலமாக எது அசைந்தாலும் தெருமுனைக் கழுதைகூடத் தலையைத் தூக்கியது.

பிறகு ஊர் பட்ட பாடு! கொடியில் காய்ந்த நீலச் சாரம் போயிற்று. நீலக் குடையோடு போன ரீச்சர் குடையை எறிந்துவிட்டு ஓடினார். எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். அண்ணையைப் பிடிக்க முடியாது. அவர் கொப்பியும் பென்சிலுமாகக் கழுதைகளுக்குப் பின்னால் திரிந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. இரண்டு வருடம் காத்திருந்த வேலை. அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தா. காலையில் தூறல். “சேட்டிபிக்கற் நனைஞ்சிடும், பொறு தம்பி” என்று அண்ணையே அன்பாகச் சுற்றித் தந்தார். நீலப் பொலித்தீனில்! மூன்று வாரம் நீலத்தையே ஆராய்ந்த மனிதருக்குத் தன் கையில் இருந்த நீலம் தெரியவில்லை. என் புத்தி முழுக்கத் தேர்வில் இருந்தது, எனக்கும் தெரியவில்லை.

பஸ் நிலையத்தடியில் ஐந்து கழுதைகள் சூழ்ந்தன. நான் விழுந்தேன். எழும்பியபோது என் படிப்பு முழுவதும் அவற்றின் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தது.

அறைக்கு ஓடிவந்து கத்தினேன். “உங்கடை கழுதையள் என்ரை வாழ்க்கையைத் திண்டிட்டுதுகள்!”

அண்ணை கொப்பியை விரித்தார். “எவ்வளவு தூரத்திலை நிண்டு கண்டதுகள்?”

அன்று கொலை விழாதது அந்தோனியார் புண்ணியம்.

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெயின்ற் படிந்த சட்டையோடு, ஒரு கையில் நீல வாளி, மறு கையில் நான், நேரே கச்சேரிக்குப் போனார். “ஐயா, பிழை என்ரை. இந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதேங்கோ” என்றார். கழுதை தின்ற கதையை அதிகாரி நம்பவில்லை. அண்ணை வாளியை முற்றத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஏழு கழுதைகள் வரிசையாக உள்ளே வந்தன. அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுப் பிரதிகள் எடுக்க இரண்டு வாரம் தந்தார்.

வேலை கிடைத்தது. ஆனால் நான் ஆறவில்லை. பிறகு வந்த வருடங்களில் அவரைக் கண்ட இடத்திலெல்லாம் ஏசினேன். அவரும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் வெண்புரை. பக்கத்திலிருந்து சோறு ஊட்டிய தாதியையும் எதிர்க்கட்டில்காரரையும் பிரித்தறிய அவரால் முடியவில்லை. நான் வார்டு வாசலில் காலை வைத்தேன். இன்னும் ஒரு சொல் பேசவில்லை.

“தம்பி வந்திட்டான்” என்றார் தாதியிடம். “அவனுக்கு ஒரு கதிரை போடுங்கோ.”

ஏச்சைத் தவிர நான் அந்த மனிதருக்கு வேறொன்றும் கொடுத்ததே இல்லை. அன்றைக்கும் ஏசத்தான் வாயைத் திறந்தேன்; பிறகு தாதியின் கையிலிருந்த சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன்.